மூன்று விரல் காடை

மயில்சாமி பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போர்க்கிணற்று மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. நுரையைத் துப்பிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வடக்குக் காட்டுக்கு நடந்தார். மாட்டுத் தீவனத்துக்கு விதைத்த தட்டுச்சோளம் போன வாரம் பெய்த மழையில் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதைத் தாண்டி நிலக்கடலை. கடலைக்காட்டு மூலையில் இருந்த தகரக் கொட்டகைக்குள் குனிந்து போய் ஸ்டார்டர் பெட்டியைப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. மோட்டார் ஓடினால் குழாய் மெல்ல அதிரும். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதிரவில்லை.

சத்தம் மட்டும் நின்றபாடில்லை. ட்ர்ர்ர்ர் என்று ஒரே சீராக, மண்ணுக்கடியிலிருந்து வருவதுபோல வந்தது. கால் நிமிடம் ஓடி நின்றது. அவர் திரும்பி நாலடி வைத்ததும் மறுபடி தொடங்கியது. முதலில் கிழக்கேயிருந்து வந்த மாதிரி இருந்தது. இப்போது மேற்கே.

வீட்டு வாசலில் வசந்தாமணி பால் கேனை மூடிக்கொண்டிருந்தாள்.

“மோட்டார நிறுத்தவா போனீங்க?”

“ஓடற சத்தம் கேட்டுது வசந்தா.”

“மோட்டார் சத்தம் எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே. த்ரீ ஃபேஸ் கரண்டே ஒம்பது மணிக்குத்தானுங்க வரும். கரண்டு இல்லாம மோட்டாரு எப்படி ஓடும்?”

அவர் வாய் கொப்பளிக்கப் போனார். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை.

மயில்சாமிக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருடம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர் போட்டவர். திருச்செங்கோட்டு வண்டி ஒன்றில் எடுபிடியாக ஏறி டிரில்லர் ஆனார். ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஆந்திரா என்று சுற்றினார். தீபாவளிக்கு ஒரு வாரம், மாரியம்மன் நோம்பிக்கு ஒரு வாரம், அவ்வளவுதான் ஊர். முதுகுவலி முற்றிப்போய் இந்தச் சித்திரையில்தான் எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தன் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தார். மகளை ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. தோட்டத்தில் அவரும் வசந்தாமணியும் மூன்று மாடுகளும் மட்டும்தான்.

நிலம் அவருடையது. ஆனால் எந்த வால்வைத் திறந்தால் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் போகும் என்று அவருக்குத் தெரியாது. மாடுகள் அவரைக் கண்டால் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கின. எதைக் கேட்டாலும் வசந்தாமணியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அவளுக்குக் கேட்காத ஒரு சத்தம் தனக்கு மட்டும் கேட்கிறது என்பது அவரை என்னவோ செய்தது.

அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. கிழக்கு வரப்புக்கு அப்பால் குணசீலனின் காடு. குணசீலன் சின்ன வயசுக்காரன், ஐயாயிரம் ஜப்பான் காடைகளைக் கொட்டகையில் வைத்து வளர்ப்பவன். அவன் வரப்போரமாகத் திருட்டுத்தனமாக ஒரு போர் போட்டு, ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர் எடுக்கிறானோ? அப்படியென்றால் தன் போரில் தண்ணீர் குறையும். இதைத் தவிர வேறு விளக்கம் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. மறுநாள் காலை நேராகப் போய்க் கேட்டுவிட்டார்.

“குணா, என்ற வரப்போரம் போர் ஓட்டியிருக்கறயா?”

தீவனம் அள்ளிக்கொண்டிருந்த குணசீலன் நிமிர்ந்தான். “போருங்களா? நானா? ஓட்டறதுன்னா ரிக்குக்காரர் உங்ககிட்டத்தானுங்க மாமா மொதல்ல வந்து நிப்பேன்.”

“அப்பறம் சத்தம் எங்கிருந்து வருது?”

“என்ன சத்தம்?”

“மோட்டார் சத்தம்.”

குணசீலனின் முகம் சுருங்கியது. அவன் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினான். கொட்டகையின் நான்கு மூலைகளையும் காட்டினான். பின்பக்கம் வரப்பு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனான். அங்கே எருக்கஞ்செடிகளும் கோரையும்தான் இருந்தன. இருவரும் ஐந்து நிமிடம் நின்றார்கள். கொட்டகைக்குள் காடைகள் கத்தும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

“பாத்துட்டீங்களா மாமா? இன்னும் ஏதாச்சும் பாக்கோணுமா?”

மயில்சாமி தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார். தன் காட்டுக்குள் பாதி தூரம் வந்தபோது ட்ர்ர்ர்ர் என்று ஆரம்பித்தது. சட்டென்று திரும்பி, “குணா!” என்று கத்தினார். குணசீலன் அதற்குள் கொட்டகைக்குள் போய்விட்டிருந்தான்.

அன்று மத்தியானமே குணசீலன் வசந்தாமணிக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அவள் கணவனிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “முதுகுக்குக் காட்டற சாக்குல காதையும் காட்டிட்டு வந்தரலாமுங்க” என்று மட்டும் சொன்னாள். மறுநாள் இருவரும் நாமக்கல் பஸ் ஏறினார்கள்.

காது மருத்துவர் அவரை ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதுகளில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். மயில்சாமி சில சத்தங்களுக்கு அழுத்தினார். இடையில் வெகுநேரம் ஒன்றும் வராமல் இருந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, அந்த நேரத்திலும் சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

“மெலிசான, கீச்சுன்னு வர்ற சத்தமெல்லாம் உங்க காது புடிக்கறதே இல்லீங்க” என்றார் மருத்துவர். “கனமான சத்தம் நல்லாக் கேக்குது. கம்ப்ரஸர் பக்கத்துல இத்தனை வருசம் நின்னிருக்கீங்க. இப்படி ஆனவங்களுக்கு வெளியில இல்லாத இரைச்சல் காதுக்குள்ள கேக்கறதும் உண்டு.”

“அப்ப மோட்டார் சத்தம் என்ற காதுக்குள்ளதான் ஓடுதுங்களா?”

“இருக்கலாமுங்க.”

“காதுக்குள்ள ஓடற சத்தம் கெழக்கயும் மேக்கயும் மாறி மாறி வருமுங்களா?”

மருத்துவர் சற்று யோசித்து, ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மயில்சாமி இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒரு இரைச்சல் இருந்தது. அது முன்பே இருந்ததா, அடைத்ததால் வந்ததா, பஸ்ஸின் சத்தமா என்று பிரித்தறிய முடியவில்லை. எடுத்தார், அடைத்தார், மறுபடி எடுத்தார். வசந்தாமணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண்ணைத் துடைத்ததை அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சத்தம் கேட்டால் அவர் எழுந்து போவதில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே, “இது காதுதான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சத்தம் கேட்டது. இது காதுதான் என்று இருந்துவிட்டார். மாட்டுக்குத் தவிடு வாங்கப் போயிருந்த வசந்தாமணி பதினொன்றரைக்கு வந்து பார்த்தபோது கடலைக்காட்டில் பாதி குளமாக நின்றது. வால்வு திறந்தபடி கிடக்க, மோட்டார் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, பத்து மணிக்கு மேலயும் மோட்டார் ஓடுனா நிறுத்துங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்! சத்தம் கேக்கலையா?”

“கேட்டுது.”

“கேட்டும் சும்மா உக்காந்திருந்தீங்களா?”

“எது நெசம் எது பொய்யின்னு எனக்கெப்படித் தெரியும்?” என்று அவர் கத்தினார். வசந்தாமணி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீரை வடிக்கப் போனாள். அவரும் பின்னால் போனார். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று அவள் கையைக் காட்டினாள். அங்கே வெட்டினார்.

வெள்ளிக்கிழமை தட்டுச்சோளம் அறுக்க ஆராயி வந்தாள். பக்கத்து ஊர்க்காரி, பல வருடமாக இந்தக் காட்டில் வேலை செய்பவள். அவள் அறுக்க, மயில்சாமி கட்டுக் கட்டினார். பாதிக் காடு முடிந்தபோது ஆராயியின் அரிவாள் நின்றது. அவள் காலடியிலிருந்து ஒரு சின்னப் பறவை விர்ரென்று கிளம்பி, பத்தடி தூரம் தாழப் பறந்து, தட்டுக்குள் விழுந்து மறைந்தது.

“சாமி, இங்க வாங்க. முட்டை.”

சோளத்தட்டு ஒன்றின் தூரடியில், மண்ணைச் சற்றே கிளறிக் காய்ந்த புல்லைப் போட்டிருந்தது. மேலேயிருந்த புல்லைக் குடைபோல வளைத்துவிட்டிருந்தது. உள்ளே நான்கு முட்டைகள். சாம்பல் வெள்ளையில் பழுப்பும் கறுப்புமாகப் பொடிப்புள்ளிகள்.

“காடைங்க” என்றாள் ஆராயி.

மயில்சாமிக்கு ஆத்திரமும் ஒருவிதத் திருப்தியும் சேர்ந்து வந்தது. குணசீலனின் கொட்டகையிலிருந்து தப்பி வந்த காடை! அன்றைக்கு அத்தனை ரோஷமாகக் கொட்டகையைச் சுற்றிக் காட்டினானே. உடனே போன் போட்டார்.

குணசீலன் ஒரு துண்டோடு வந்தான். அதற்குள் பறவை தரையோடு தரையாக ஓடிவந்து முட்டைமேல் உட்கார்ந்துவிட்டிருந்தது. பழுப்பும் மண்ணிறமும் கலந்த அதன் முதுகு சருகுக்கு நடுவே தெரியவேயில்லை. ஆராயி விரலை நீட்டிக் காட்டிய பிறகும் மயில்சாமி பார்த்தது ஒரு மண்ணாங்கட்டியை. குணசீலன் மட்டும் சரியாகப் பார்த்தான். தினமும் நூற்றுக்கணக்கில் காடை பிடிக்கிற கை அது. துண்டை மெல்லப் போட்டு, அசைக்காமல் அள்ளிவிட்டான்.

“பொட்டைங்க மாமா” என்றான். “நெஞ்சுல வரிவரியா, புள்ளிபுள்ளியா இருக்குது பாருங்க. ஆணா இருந்தா நெஞ்சு செம்பட்டையா இருக்கும்.”

“உன்னோடதுதானே?”

“இருங்க.” அவன் பறவையைத் திருப்பினான். “இவ்வளவு சின்னதா என்கிட்ட எதுவும் இல்லீங்களே. கண்ணும் வெள்ளையா இருக்குது.” பிறகு காலைப் பார்த்தான். “அட, ஒரு வெரல் போயிருச்சுங்க. பின்னால இருக்கற வெரலு இல்லை.”

“நாயி கடிச்சிருக்குமோ?”

குணசீலன் மற்றக் காலை விரித்தான். அதிலும் முன்பக்கம் மூன்று விரல்கள்தான். பின்விரல் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. வெட்டுப்பட்ட தழும்பு இல்லை.

“காடைக்கு நாலு வெரலுங்க மாமா. கோழிக்கும் நாலு. மூணு வெரல்ல நான் பாத்ததே இல்லை.”

“இத ஆங்காடைன்னு சொல்லுவாங்க” என்றாள் ஆராயி.

“ஆங்காடையா? அப்ப இது ஆணா?” என்றார் மயில்சாமி.

“பேரு அப்படிங்க. ஆணா பொண்ணான்னு எனக்கெப்படீங்க தெரியும்?”

“ஆணு முட்டை மேல உக்காருமா?” என்று குணசீலன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரு கையால் போனை எடுத்துப் பறவையையும் அதன் காலையும் முட்டைகளையும் படம் எடுத்தான். நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் காடை வளர்ப்புப் பயிற்சிக்குப் போயிருந்தபோது பாடம் எடுத்த பிரபா என்ற டாக்டரம்மாவுக்கு அனுப்பினான். இரண்டு நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். குணசீலன் ஸ்பீக்கரில் போட்டான்.

“குணசீலன், மொதல்ல அத கீழ விடுங்க. கூட்டுக்குப் பக்கத்துல மெதுவா விட்டுட்டுத் தள்ளிப் போங்க. காட்டுப் பறவை அது. புடிக்கறதும் முட்டை எடுக்கறதும் குத்தம்.”

குணசீலன் பதறிப்போய்க் கையைத் தாழ்த்தினான். பறவை விரல்களுக்கு நடுவிலிருந்து நழுவித் தட்டுக்குள் ஓடியது. அவர்கள் வரப்புக்கு வந்தார்கள்.

“இது எந்தக் காடைங்க மேடம்?”

“காடையே இல்லைங்க. பார்வைக்குத்தான் காடை. கோழி, காடை, கவுதாரி அந்த வகையறாவுலயே இது சேராது. உங்க காட்டுல ஆள்காட்டிக் குருவி இருக்கும் இல்லையா? இது அதோட தூரத்துச் சொந்தம்.”

மயில்சாமியால் நம்ப முடியவில்லை. ஆள்காட்டி நெட்டைக்காலோடு வரப்பில் நின்று ஊரைக் கூட்டும் பறவை. இது கைக்குள் அடங்குகிறது.

“முட்டை மேல உக்காந்திருந்தது பொட்டைதானுங்களே?” என்றான் குணசீலன்.

“இல்லை, ஆணு. இதுங்கள்ல பொட்டைதான் பெருசா இருக்கும். தொண்டையெல்லாம் கறுப்பா, பார்க்க எடுப்பா இருக்கும். முட்டை போடறதோட சரி. அடைகாக்கறது, குஞ்சு பொரிச்சுக் கூட்டிட்டுத் திரியறது எல்லாம் ஆணோட வேலை. அந்தப் பொட்டை அடுத்த ஆணைத் தேடிக் கத்திட்டுப் போயிரும். உங்க காட்டுல அந்தச் சத்தம் கேட்டிருப்பீங்களே? தூரத்துல யாரோ வண்டி ஓட்டற மாதிரி, மோட்டார் ஓடற மாதிரி…”

மயில்சாமி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“டாக்டரம்மா, இன்னொருக்காச் சொல்லுங்க.”

“நீங்க யாருங்க?”

“காட்டுக்காரனுங்க. மோட்டார் ஓடற மாதிரின்னு சொன்னீங்களே, அதச் சொல்லுங்க.”

“ஆமாங்க, ட்ர்ர்ர்ர்னு கனமா வரும். எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னே புடிபடாது. சில பேருக்குக் கேக்கக்கூடச் செய்யாது, மத்த சத்தத்துல அமுங்கிப்போயிரும். ஏனுங்க?”

மயில்சாமி போனைத் திருப்பிக் குணசீலனிடம் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டார். குணசீலன் அவரையும் போனையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்கு இப்போதுதான் விளங்கியது. “மாமா… அன்னைக்கு நீங்க சொன்னது…” என்று ஆரம்பித்தான்.

“நீ போர் ஓட்டுனயான்னு நான் கேட்டது தப்பு குணா” என்றார் மயில்சாமி.

அறுப்பு அதோடு நின்றது. ஆராயியும் குணசீலனும் போன பிறகும் மயில்சாமி எழுந்திருக்கவில்லை. கைபட்ட பறவை திரும்பி வருமா என்ற கவலை ஒன்று. டாக்டரம்மா சொன்னதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்ற பிடிவாதம் மற்றொன்று. வேலமரத்தடிக்குப் போய் அசையாமல் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து அந்தச் சின்னப் பறவை தட்டோரத்தில் தலையை நீட்டியது. ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. கூட்டுக்குள் நுழைந்து உடம்பை இரண்டு பக்கமும் ஆட்டி உட்கார்ந்துகொண்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் கடலைக்காட்டின் ஓரத்தில் இன்னொன்று வந்தது. கொஞ்சம் பெரியது. தொண்டையும் நெஞ்சும் கன்னங்கரேலென்று இருந்தன. அது நாலாபக்கமும் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே உப்பத் தொடங்கியது. அலகைத் திறக்கவில்லை. உடம்பு முழுவதும் ஒரு பந்துபோல ஆனது.

ட்ர்ர்ர்ர்ர்.

மயில்சாமி இரண்டு காதுகளையும் விரலால் அடைத்தார். சத்தம் நின்றது. எடுத்தார். வந்தது. அடைத்தார். நின்றது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. போனில் மனைவியைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, “வசந்தா, சத்தம் போடாம வேலமரத்துக்கிட்ட வா” என்றார்.

அவள் பயந்துபோய் ஓடிவந்தாள். அவர் கையைக் காட்டினார். பறவை மறுபடி உப்பியது. வசந்தாமணி காதைச் சாய்த்துக் கேட்டாள்.

“இதுங்களா? இது தெனமும் கேக்கறதுதானுங்களே. எங்கியோ ரோட்டுல வண்டி போகுதுன்னு இருந்தேன்.”

“தெனமும் உனக்குக் கேட்டுச்சா? கேக்கலைன்னு சொன்னயே!”

“நீங்க மோட்டார் சத்தம்னு கேட்டீங்க. மோட்டார் சத்தம் கேக்கலைன்னு சொன்னேன். இது கேக்குதான்னு நீங்க கேக்கலையே.”

மயில்சாமி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னார். கறுப்புத் தொண்டைக்காரி பொட்டை, முட்டைமேல் இருப்பது ஆண், அவள் கத்திக்கொண்டு போய்விடுவாள், அவன்தான் குஞ்சைப் பார்ப்பான் என்று தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தார். நடுவில் ஒருமுறை ஆணையும் பெண்ணையும் மாற்றிச் சொல்லித் திருத்திக்கொண்டார்.

வசந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“நம்மூட்டுல மாறியல்லங்க நடந்துச்சு. இருவத்தாறு வருசம் ஊரு ஊராச் சத்தம் போட்டுட்டுத் திரிஞ்சது நீங்க. ஒரே எடத்துல உக்காந்திருந்தது நானு.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டாள். மயில்சாமிதான் இருட்டும்வரை அங்கேயே இருந்தார். அவள் வேடிக்கையாகச் சொன்னாளா, உள்ளே வைத்திருந்ததைச் சொன்னாளா என்று அவரால் முடிவுக்கு வர முடியவில்லை.

கூட்டைச் சுற்றி ஒரு பாத்தி அளவுக்குத் தட்டை விட்டுவிட்டு மீதியை அறுத்தார்கள். அது வசந்தாமணியின் முடிவு. “மாட்டுக்கு நாலு நாளைக்கு வைக்கோலு போட்டுக்கலாம்” என்றாள். மயில்சாமி காலையும் மாலையும் வேலமரத்தடிக்குப் போய் எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தார். ஆண் பறவை இரை தேடச் சற்று நேரம் இறங்கிப் போகும், வரும், உட்காரும். கறுப்புத் தொண்டைக்காரியின் சத்தம் நாளுக்கு நாள் கிழக்கே நகர்ந்தது. ஒரு நாள் குணசீலன் போன் செய்து, “மாமா, மோட்டார் இப்ப என்ற காட்டுல ஓடுதுங்க” என்றான். அதற்கு இருவரும் சிரித்தார்கள். அந்த வாரத்துக் கோபம் அதோடு போயிற்று.

எட்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. சாதாரண மழையல்ல. அரை மணி நேரத்தில் மேட்டுக்காட்டிலிருந்து செந்தண்ணீர் இறங்கி வாய்க்காலை மீறியது. தட்டுப்பாத்தி பள்ளத்தில் இருந்தது. மயில்சாமி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு ஓடினார். எந்த இடத்தில் கட்டினால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். முதலில் வெட்டிய இடத்தில் தண்ணீர் கூட்டைப் பார்த்தே பாய்ந்தது. அலறியடித்துக்கொண்டு அதை மூடினார்.

“அங்கில்லீங்க! பனைமரத்துக்கிட்ட வெட்டுங்க, அந்தப் பக்கந்தான் பள்ளம்!” என்று பின்னாலிருந்து வசந்தாமணி கத்தினாள். அவளும் நனைந்துகொண்டு வந்திருந்தாள். இருவரும் சேர்ந்து கால் மணி நேரம் மண்ணை இழுத்தார்கள். தண்ணீர் பனைமரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குத் திரும்பியது. மழைக்குள் மயில்சாமி கூட்டைப் பார்த்தார். பறவை இறகை விரித்து, கண்ணை மூடாமல், அப்படியே உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் தண்ணீர் வழிந்தது. அவ்வளவு பக்கத்தில் இரண்டு பேர் மண்வெட்டி போட்டும் அது எழுந்திருக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து காலையில் அவர் போனபோது கூட்டில் ஓடுகள்தான் கிடந்தன. பாம்பு தின்றுவிட்டதா, கீரி தின்றுவிட்டதா, பொரித்ததா? ஓட்டை எடுத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டைப் பார்த்துக் கூவினார். வசந்தாமணி பாலைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். ஓட்டைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

“பொரிச்சிருக்குதுங்க. தின்னிருந்தா இப்படி வட்டமா ஒடையாது.”

“அப்ப குஞ்சு எங்க?”

அவள் உதட்டில் விரலை வைத்தாள். இருவரும் மூச்சை அடக்கி நின்றார்கள்.

“கேக்குதுங்க” என்று கிசுகிசுத்தாள்.

“என்ன கேக்குது?”

“குஞ்சு. கீச்சு கீச்சுன்னு. ஆணும் என்னமோ சொல்லிக் கூப்புடுது.”

மயில்சாமி காதைத் தீட்டினார். காற்று கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை. மருத்துவரின் சின்ன அறையில் இருந்த அதே வெறுமை.

“எந்தப் பக்கம்?”

அவள் அவர் கையைப் பிடித்துக் கடலைக்காட்டுப் பக்கம் நீட்டினாள். வெகுநேரம் தேடிய பிறகு பார்த்தார். செடிகளுக்கு நடுவே ஆண் பறவை குனிந்து நடந்தது. அதன் காலடியில் வண்டு அளவுக்கு ஏதோ உருண்டது. ஒன்று. இன்னொன்று. மூன்றாவது குஞ்சா மண்கட்டியா என்று தெரியவில்லை. நான்காவதை இருவருமே பார்க்கவில்லை.

“நாலும் இருக்குமா?”

“தெரியலீங்களே. சத்தத்துல மூணு மாதிரியும் இருக்குது, நாலு மாதிரியும் இருக்குது.”

அதற்குமேல் கிட்டே போகாமல் திரும்பிவிட்டார்கள்.

ஆவணி பாதியில் ஒரு நாள், வசந்தாமணி வெயிலுக்கு அடைத்து வைத்த வீட்டுக்குள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மயில்சாமியின் கை தட்டில் நின்றது. இரைச்சல். தாழ்வாக, ஒரே சீராக. காதை அடைத்தார். நிற்கவில்லை.

“வசந்தா, இது இருக்குதா?”

அவள் கரண்டியை வைத்துவிட்டு உற்றுக் கேட்டாள். “இல்லீங்க.”

“ஒண்ணுமே இல்லையா? வண்டி, ரோடு, எதுவும்?”

“எதுவும் இல்லீங்க. உங்க காதுதான்.”

“செரி” என்று அவர் சாப்பிடத் தொடங்கினார். சற்று நேரத்தில் அந்த இரைச்சலுக்குமேல் வேறொன்று வந்த மாதிரி இருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

வசந்தாமணி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “இப்ப இருக்குதுங்க” என்றாள். “குணசீலன் காட்டுப் பக்கம்.”